மூன்றாம் எண் பேட்ஜ்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். 1964-ல் திண்டுக்கல்லில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் நடந்தது. அங்கே வேலை பார்த்த அப்துல் வாஹித் தம் வாயாலேயே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். 

எக்ஸ்ரே ஆட்களுக்கு மாதாமாதம் பம்பாயிலுள்ள அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து தபாலில் பேட்ஜ் வரும். அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு துண்டு பிலிம், அதன்மேல் சின்னச் சின்ன உலோகத் தகடுகள். கதிர் பட்டால் பிலிம் கருத்துப்போகும். மாதம் முடிந்து திருப்பி அனுப்பினால், பிலிம் எவ்வளவு கருத்திருக்கிறது என்று அளந்து, யார் உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று எழுதி அனுப்புவார்கள். அளவு மீறியிருந்தால் கட்டாய லீவு.

அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் பேட்ஜை மாட்டியதில்லை. மேனேஜர் பெருமாள்சாமி விடமாட்டார்.

"கருத்துப் போச்சுன்னா பம்பாய்க்காரன் ரூமைப் பூட்டச் சொல்லிருவான் வாஹிது. பீரோவுல வச்சுப் பூட்டு."

வாஹித்தான் பூட்டுவார். மாதக் கடைசியில், எல்லாரும் அணிந்ததாக எழுதி அனுப்புவதும் அவர்தான். கூட வேலை பார்த்த ஆத்தூர்ப் பையன் சோலைமலைக்குக் கையில் ஆறாத புண் வந்தது. சீழ் வடியும் கையோடு வந்து கெஞ்சினான்.

"வாஹிதண்ணே, என் பேட்ஜைக் குடுங்க. ஒரு மாசம் மாட்டிக்கிறேன். லீவு கெடைக்கும்."

வாஹித் கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். விரல் விரலாக வெட்டியும் சோலைமலை முந்தின வருஷத் தீபாவளிக்கு முன்னாலேயே செத்துப்போனான். அவன் பெயருக்கு நேரே பம்பாய் எழுதியிருந்த அளவு பூஜ்யம். அதைக் காட்டியே ஆஸ்பத்திரி அவன் குடும்பத்தைக் கை கழுவிவிட்டது. சீ, என்ன மனிதர்கள்.

செத்ததைக்கூடப் பம்பாய்க்குச் சொல்லவில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்பார்களே. அதனால் அவனுடைய மூன்றாம் எண் பேட்ஜ் வந்துகொண்டே இருந்தது.

மார்ச் மாதம் வாஹித்தின் ஆள்காட்டி விரல் நகம் கருத்தது. அரித்தது. சோலைமலைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஓடிப்போய் லீவு கேட்டார்.

"ஒனக்கும் பூஜ்யந்தான அப்பு. சொறி சிரங்குக்கெல்லாம் லீவா?" என்றார் பெருமாள்சாமி.

அந்த மாதம்தான் அது தொடங்கியது. காலையில் பிலிம் எடுக்கப் பீரோவைத் திறப்பார். மற்ற மூன்று பேட்ஜும் சில்லென்று இருக்கும். மூன்றாம் எண் மட்டும் வெதுவெதுவென்று... வேர்வை ஈரத்தோடு...

மார்ச் 26. பகல் இரண்டு பத்து. வாஹித் டார்க் ரூமில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சிவப்பு விளக்கு மட்டும்.

மருந்துத் தொட்டியின் புளிப்பு நெடிக்குள் இன்னொரு வாடை. சீழ் வாடை... தெரிந்த வாடை.

டிக்.

பேட்ஜின் ஊக்கை மாட்டும் சத்தம். முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. தொட்டியில் கையை விட்டார். பிலிமோடு வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

தோல்.

ஒரு விரலின் தோல், உறையைக் கழற்றியதுபோல்... நகத்தோடு.

கதவைத் திறந்து ஓடினார். இரண்டு பதினான்கு. வராந்தாவில் வாந்தி.

பீரோ பூட்டியபடி இருந்தது. திறந்தார். மூன்றாம் எண்ணின் ஊக்கில் சீழ்.

பஞ்சால் துடைத்தார். அன்றே நான்கையும் தபாலில் போட்டுத் தலைமுழுகினார்.

ஏப்ரல் 20-ல் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாம் எண் பிலிம் கன்னங்கரேல் என்று இருந்ததாம்.

"எவனோ அதை மெஷினுக்கு முன்னால போட்டுட்டான்," என்றார் பெருமாள்சாமி.

வாஹித் மீதியைப் படித்துக் காட்டினார்.

"பேட்ஜ் ஓரிடத்தில் கிடந்து கதிர் பட்டிருந்தால் தகடுகளின் நிழல் விளிம்பு தெளிவாக விழும். இதில் விளிம்புகள் கலங்கியுள்ளன. நடமாடும் ஒருவர் மாதம் முழுக்க இதை அணிந்திருக்கிறார். சோலைமலையை உடனே லீவில் அனுப்பவும்."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"நான்காம் எண், அப்துல் வாஹித். பூஜ்யம். வேலையைத் தொடரலாம்."