அசனக் குழம்போடு தூத்துக்குடிக்கு

காலை 9.40. நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். லோடு ஆட்டோவில் இரண்டு அண்டா. ஒன்றில் சோறு, ஒன்றில் ஆட்டுக்கறிக் குழம்பு. ஊரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் எங்கள் கோயில் அசனத்தில், இந்த வருஷம் ஒரு பங்கு தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் படுத்திருப்பவர்களுக்கு என்று சொன்னவன் நான். கொண்டுபோகும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது.

முக்காணியில் டீ பன்னிரண்டு ரூபாய். ஓட்டுநர் துரை அண்ணாச்சி குடித்தார். நான் தொடவில்லை. அசனத்தில் பரிமாறுகிறவன் பந்தி முடியும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. பழையகாயல் தாண்டியதும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

11.15. கடற்கரைச் சாலையில் அண்டாவைத் திறந்ததும் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். கூடவே ஸ்கூட்டரில் மாநகராட்சி சுகாதார ஆய்வாளரும் வந்துவிட்டார்.

"மூடுங்க தம்பி. ரோட்டுல வச்சுக் குடுக்கக் கூடாது. அடுப்புலேருந்து எப்ப இறக்குனீங்க?"

"எட்டரைக்கு மேடம்."

"நாலு மணி நேரந்தான் கணக்கு. பன்னிரண்டரைக்குள்ள வீடற்றோர் இல்லத்துல சேத்துருங்க. தாண்டினா வாங்க மாட்டாங்க."

இவ்வளவு தூரம் வந்து குழம்பைக் கொட்டுவதா? வண்டியை விரட்டினோம். துறைமுக லாரிகள் விடவில்லை. இல்லத்தை அடைந்தபோது 12.10. கடற்கரையில் கூடியவர்கள் நடந்தே வந்து, எங்களுக்கு முன்னால் பந்தியில் இருந்தார்கள்.

"வண்டியத் தள்ளிக்கிட்டா வந்திய?" என்றார் அவர்களில் ஒருவர், சேவியர். உப்பளத்தில் மூட்டை தூக்கியவராம்.

சாப்பாடு கொண்டுவந்தவர் என்று இல்லத்து நோட்டில் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பாளர் ஜெயா அக்கா ஒரு தட்டை என்னிடமே நீட்டினார்.

"சாப்பாடு கெட்டுப்போகலன்னு தெரியணும்ல, கொண்டுவந்தவங்கதான் முதல்ல சாப்பிடணும். அதுக்குப் பொறவுதான் மத்தவங்க."

"நான் பரிமாறுறவன்க்கா. கடைசியிலதான் சாப்பிடணும். அண்ணாச்சி சாப்பிடட்டுமே?"

"கையெழுத்துப் போட்டது யாரு?"

மணி 12.20. எல்லாருடைய கண்ணும் என் தட்டில். துரை அண்ணாச்சி மெல்ல, "பந்தி முடியட்டும்னு பிள்ள காலையிலேருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல," என்று எனக்காகப் பேசிப் பார்த்தார்.

சேவியர் எழுந்து வந்தார். "ஏலே, பரிமாறுதவன் கடைசியில திங்கணும், அம்புட்டுத்தான? கரண்டிய இங்கன குடு. நீ போயி உக்காரு."

உட்கார்ந்தேன். எல்லோரும் பார்த்திருக்க முதல் கவளத்தை விழுங்கினேன். ஜெயா அக்கா தலையசைத்தார். பந்தி தொடங்கியது.

சேவியர் பரிமாறிய அழகை எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்திருக்க வேண்டும். "கறிய மட்டும் பொறுக்காதல, பின்னால ஆளு இருக்கு" என்று ஒருவரை அதட்டினார். பல் இல்லாத ஒருவருக்குச் சோற்றைக் குழைத்துப் போட்டார். என்னிடம் மூன்று முறை, "இன்னுங் கொஞ்சம்?" சாலையிலேயே கொடுத்திருந்தால் கையில் திணித்துவிட்டு அரை மணியில் ஊருக்குக் கிளம்பியிருப்பேன். இவர்களோடு ஒரே வரிசையில் உட்காரவைத்தது அந்தச் சட்டம்தான்.

1.30. கடைசியாகச் சேவியர் உட்கார்ந்தார். அண்டாவில் அடிச்சோறும் நாலு துண்டும் மிச்சம். ஒரு வாய் மென்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த வருஷம் உப்ப ஒரு கை கொறச்சுப் போடச் சொல்லு. உப்பு இங்கன நெறையக் கெடக்கு."