வாசனை இல்லாத காற்று

முத்துமாரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக என் லைனில் வேலை பார்க்கிறாள். நான் வள்ளியம்மாள், அந்த லைனுக்கு சூப்பர்வைசர். வெட்டி வரும் தோலுக்கு சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து ஒட்டி, தையலுக்கு அனுப்புவது எங்கள் வேலை. டப்பாவைத் திறந்தால் கண் எரியும். மதியத்துக்குள் தலை கனத்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாலும் அந்த வாசனைதான். எல்லாருக்கும் அப்படித்தான், ஆனால் அவள் மட்டும்தான் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவளுக்கு ஆலங்காயம் பக்கத்தில் ஒரு ஊர். அப்பாவுக்கு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவள். கல்யாணம் ஆனது. குடித்துவிட்டு அடித்த புருஷனை இரண்டாம் வருஷமே அவன் துணிமூட்டையோடு ஆட்டோவில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். அதே ஆட்டோவில் திரும்பி வந்ததாக லைனில் வெட்கமில்லாமல் சொன்னாள். தப்பு என்று நான் ஒரு ஜோடியைத் திருப்பிக் கொடுத்தால், "தோலே சுருக்கமா வந்துதுக்கா, நான் இன்னா பண்றது?" என்பாள். எடுத்துப் பார்த்தால் தோல் சுருக்கமாகத்தான் இருக்கும். அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

போன தீபாவளி முடிந்த வாரம், டீ நேரத்தில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடலுக்கு அடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகில் சிலிண்டர், வாயில் ஒரு குழாய், சுற்றிலும் மஞ்சள் மீன்.

"அந்தமான்க்கா. நீச்சல் தெரியலன்னாலும் கூட ஒருத்தர் புடிச்சிக்குவாராம். பிப்ரவரில போறேன்."

"பாலாத்துல முட்டியளவு தண்ணி வந்தா வேடிக்கை பாக்க ஓடுற ஊரு நம்மளுது. உனக்கு இன்னாத்துக்குடி கடலு?"

"மீனுக்காகப் போகலக்கா. அந்த சிலிண்டர்ல வெறும் காத்துதானாம். சுத்தம் பண்ணி அடைக்கிறாங்களாம். ஒரு வாசனையும் இருக்காதாம். அரை மணி நேரம் அதை மட்டும் இழுத்துக்கினு உக்காந்திருக்கணும்."

லைனே சிரித்தது. நான்தான் ஜாஸ்தி சிரித்தேன். சிரிப்பு இருமலில் போய் நின்றது. எனக்கு இருமல் பழசு. காலையில் பத்து நிமிஷம் இருமி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். கேட்டவர்களிடம் சளி என்று சொல்லுவேன்.

அவள் விடவில்லை. காட்பாடியில் எந்த ரயில், சென்னையில் எந்த விமானம், போர்ட் பிளேரிலிருந்து முங்குகிற தீவுக்கு எத்தனை மணிக்குக் கப்பல், எல்லாவற்றையும் ஷூ அட்டைப்பெட்டியின் மூடியில் எழுதி டேபிளுக்கு அடியில் ஒட்டி வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு வாயால் மூச்சு இழுத்துப் பழகினாள். பையன்கள் அவளுக்கு மீன்குழம்பு என்று பேர் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. லீவு லெட்டரை என் டிராயரில் மூன்று வாரம் கிடக்கவிட்டேன். தினமும் சாயங்காலம் வந்து, "கையெழுத்து போட்டீங்களாக்கா?" என்று கேட்பாள். கெஞ்சியிருந்தால் முதல் நாளே போட்டிருப்பேன். கடைசியில் அவள் தொல்லை தாங்காமல்தான் போட்டேன்.

ஜனவரியில், கடலுக்குள் கூட்டிப்போகும் தீவுக்காரர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். எல்லாம் இங்கிலீஷ். ஆடிட் பேப்பர் படிக்கிறவள் நான்தான் என்பதால் வேறு வழியில்லாமல் வந்தாள்.

அந்த ஆடிட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் அனுப்பி எங்களை விசாரிக்கும். ஒரு வாரம் முன்பே எச்.ஆர். செல்வகுமார் சார் என்னிடம் தாளைக் கொடுப்பார். நான் லைனை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பேன். மாஸ்க் தர்றாங்களா? தர்றாங்க. ஓவர்டைம் கட்டாயமா? இல்ல. கண் எரிச்சல், தலைவலி, மூச்சு கஷ்டம்? இல்ல, இல்ல, இல்ல. அன்றைக்கு ஒரு நாள் புது மாஸ்க் வரும், மேலே இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் ஓடும். மறுநாள் மாஸ்க்கும் இருக்காது, ஃபேனும் ஓடாது.

முத்துமாரியின் படிவத்திலும் பத்துக் கேள்வி, பக்கத்தில் இரண்டிரண்டு கட்டம். என் பேனா அது பாட்டுக்கு ஓடியது. பத்துக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து நீட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை. போனை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் மாற்றிப் படித்தாள். மூன்றாவதில் நின்றாள். மூச்சிறைப்பு, நெஞ்சு இறுக்கம், நாள்பட்ட இருமல் உண்டா என்பது கேள்வி.

"அக்கா, இது ஆடிட்டுக்கு இல்ல."

"அதனால இன்னா?"

"தண்ணிக்குள்ள போறதுக்கு. இதுல பொய் எழுதினா நான் செத்துடுவேன்."

எனக்கு முகம் சுட்டது. "உனக்குப் படிக்கத் தெரிஞ்சா நீயே எழுதிக்கோ, என்கிட்ட ஏன் வர்றே?" என்று கத்தினேன். அவள் மூன்றாவதில் என் டிக்கைக் கோடு போட்டு அழித்துவிட்டு 'ஆம்' கட்டத்தில் போட்டாள். 'ஆம்' என்று போட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். கம்பெனி டாக்டரிடம் போயிருந்தால் தலையை நிமிர்த்தாமலே போட்டுக் கொடுத்திருப்பார். இவள் ஞாயிறு தாண்டி ஒரு நாள் லீவு போட்டு வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூச்சை அளக்கிற குழாயில் ஊதச் சொன்னார்களாம். நான்கு தரம் ஊதினாளாம்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். டேபிளுக்கு அடியில் இருந்த அட்டையைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள். என்னவென்று கேட்டதற்கு, "முப்பத்திநாலு வயசுக்கு இருக்க வேண்டிய மூச்சுல பாதிகூட இல்லையாம். கடலுக்குள்ள இறங்கவே கூடாதுன்ட்டாரு. இன்னா வேலை பாக்கறேன்னு கேட்டாரு, சொன்னேன்" என்றாள். பிறகு தூரிகையை எடுத்து சொல்யூஷனில் தோய்த்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பெரிய இவளாட்டம் துள்ளினாளே, நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

பிப்ரவரியில், அவள் அந்தமானில் இருந்திருக்கவேண்டிய வாரத்தில், ஆடிட் வந்தது. ஒரு வெள்ளைக்காரர், அவருக்கு மொழிபெயர்க்க சென்னையிலிருந்து ஒரு மேடம். புது மாஸ்க், ஓடுகிற ஃபேன், ஆபீஸ் அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் செல்வகுமார் சார். எங்கள் டேபிளில் முத்துமாரியைத்தான் முதலில் கேட்டார்கள். மாஸ்க் பற்றிக் கேட்டதற்கு, "இன்னிக்கு காலைல குடுத்தாங்க" என்றாள். நான் சொல்லிக்கொடுத்த பதில் அது இல்லை.

"மூச்சு விடறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றாள். டிபன் பையிலிருந்து அந்த ஆஸ்பத்திரித் தாளை எடுத்து டேபிளில், சொல்யூஷன் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

மேடம் தாளைப் படித்து வெள்ளைக்காரருக்குச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சார் எழுந்து நின்றார். மேடம் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு?"

"இல்ல மேடம். எனக்கு அப்படில்லாம் எதுவும்" என்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மாஸ்க்கைக் கழற்றி, டேபிளைப் பிடித்துக்கொண்டு இருமினேன். நிற்கவில்லை. எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு மேடம் காத்திருந்தாள். முத்துமாரி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் வைத்தாள்.

"இவங்களுக்கும் இருக்குன்னு எழுதிக்குங்க மேடம்" என்றாள். "இவங்க ஊதினா என்னைவிட கம்மியாதான் வரும்."

மேடம் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.