மின்னலில் போன ஜீப்

என் மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் பளிச்சென்று லைட்டை அடித்தார். பக்கத்தில் நின்ற அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

வெள்ளிமலையில் அது எங்கள் விளையாட்டு. மின்னலடித்ததும் கண்ணை மூடுவோம். கடைசியாகப் பார்த்தது கண்ணுக்குள் அழியும்வரை, பஸ் கண்டக்டர் கூவுகிற வரிசையில் ஊர்ப்பெயர் சொல்வோம். எனக்கு அடுத்த ஊரான கரியாலூரிலேயே அழிந்துவிடும். அக்கா எப்போதும் கள்ளக்குறிச்சி வரைக்கும் போய்விடுவாள்.

"பொய்யி சொல்ற."

"போடா, நீ இன்னா என் கண்ணுக்குள்ள பூந்து பாத்தியா?"

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம். அம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அப்பா மழையோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஜீப் திரும்பும்போது மின்னியது. பின்சீட்டில் அம்மா சாய்ந்திருந்தாள். நாங்கள் கண்ணை மூடினோம்.

"எதுவரைக்கும்க்கா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா எறங்கற வரைக்கும் பாத்துட்டேன்டா."

அன்றைக்கு மட்டும் நான் நம்பினேன். மலை இறங்கியதும் ரோட்டை அடைத்துப் புளியமரம் கிடந்ததாம். அம்மா ஜீப்பிலேயே இறந்துபோனாள்.

போட்டோக்காரர் நகர்ந்ததும் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"எதுவரைக்கும்க்கா?" என்றேன்.

"எனக்கு எப்பவுமே கரியாலூர் தாண்டனதில்லடா" என்றாள்.