துவாய்க்கு இந்தப் பக்கம்

கட்டாரில் என் பக்கத்து அறையில் இருப்பவரை வழியில் கண்டால் எனக்கு அடையாளம் தெரியாது. ஊரில், கற்பிட்டியில், என் வீட்டு வளவுக்குள் நுழையும் ஆடுகளை ஒவ்வொன்றாகத் தெரியும். எல்லாம் இன்டர்நெட் செய்த வேலை. அடுத்த தோட்டத்தில் யாரோ தண்ணீர் மோட்டரைக் களவெடுத்த பிறகு வீட்டு முன்பக்கம் கமரா பூட்டுவித்தேன். அதில் இங்கிருந்தே பேசலாம். ஒருநாள் ஆடு முருங்கைக் கன்றைத் தின்னக் கண்டு சத்தம் போட்டேன். பக்கத்தில் நின்ற எகிப்துக்கார மேற்பார்வையாளர், "மதாம்?" என்று கேட்டார், பேசுவது மனைவியோடா என்று. எனக்குத் தெரிந்த அரபியில் "கனம்" என்றேன். ஆடு என்று அர்த்தம். அவர் முகம் மாறிவிட்டது. "ஹராம். பிள்ளைகளின் தாயை அப்படிச் சொல்லக் கூடாது" என்றார். விளக்கிச் சொல்லும் அளவுக்கு அரபி என்னிடம் இல்லை. பின்னேரம் மனைவிக்கு அனுப்பச் சொல்லி ஒரு சென்ட் போத்தல் தந்தார்.

இன்டர்நெட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. யுத்த காலத்தில் முதல் தடவை வந்தபோது, என் போன் கோலுக்காக மனைவி கடைத்தெருக் கொமினிகேஷனில் காத்திருப்பாள். வராவிட்டால் திரும்பிப் போவாள். மூத்த மகள் பிறந்த செய்தி என்னிடம் வந்து சேர்ந்தபோது பேர் வைத்து முடிந்திருந்தது. நல்ல பேர்தான். இப்போது இளையவளுக்குப் பல் விழுந்தால் உடனே பல்லின் படம் வருகிறது.

இங்கே என் வேலையும் கமரா பார்ப்பதுதான். ஒரு கோடவுனுக்குக் காவல். காவல்காரனுக்கு ஆள் இல்லாத திரைதான் நல்ல திரை. அதே கண்ணால் வீட்டையும் பார்த்தேன். முன்பெல்லாம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சரீனா ராத்தாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் எங்கள் வளவில் கூடி வெங்காயத் தாள் அரிவார்கள். முக்காடு இல்லாமல், சிரித்துக் கதைத்துக்கொண்டு. கமரா வந்த பிறகு ஒருவரும் இல்லை. வளவு அமைதியாக இருந்தது. நல்லது என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் மனைவி வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். எழும்ப முடியவில்லை. கூப்பிட்ட சத்தம் காற்றோடு போய்விட்டது. டியூஷன் முடிந்து வந்த இளையவள்தான் கண்டாள். அவ்வளவு நேரமும் நான் வளவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முன்பக்கம். கால் முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

"சரீனா ராத்தா எங்க? ஒருத்தரும் வரல்லியா?" என்று மனைவியிடம் போனில் கேட்டேன்.

"அவ என்ன சொன்னா தெரியுமா? 'உங்கட வளவுக்கு வாறதும் கட்டாருக்குப் போறதும் ஒண்டுதான் புள்ள. அபாயா போட்டுக்கொண்டு போகணும்' எண்டா."

"நான் கள்ளனுக்காகத்தானே கமரா பூட்டினேன்."

"ஓம். ஆடு மட்டும் வருது. கள்ளனும் வாறதில்ல, மனிசரும் வாறதில்ல."

"அப்ப கழட்டச் சொல்லட்டா?"

"வேணாம். ராவைக்குக் கள்ளன் பயந்துக்கொண்டு இரிக்கட்டும். பகலைக்கு நான் பாத்துக்கொள்றேன்."

மறுநாள் அஸருக்குப் பிறகு திரை பச்சையாகிவிட்டது. கமராவுக்கு மேல் போன லீவில் நான் கொண்டுபோன குளியல் துவாய். சரீனா ராத்தாவின் குரல் கேட்டது: "மச்சானுக்குச் சலாம் சொல்லுங்க. துவாய் நல்ல துவாய், இன்னொண்டு அனுப்பச் சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போன் கோலில் எனக்கு வருவதில்லை. சத்தத்தை நிறுத்தினேன். அது எனக்கான கதை இல்லை.

பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் துவாயை எடுப்பாள். அதுவரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கோடவுனுக்குள் ஏசி, கதவு திறப்பதில்லை. நேற்று துவாய் அடித்துக்கொண்டே இருந்தது. ஊரில் சோளகக் காற்று தொடங்கிவிட்டது போல.