இரவல் சாமி இருந்த வீடு

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து காலி வீட்டுக்கெல்லாம் திமிர் வந்துவிட்டது. இன்று ஒரு தரகர் எங்களை வீடு பார்க்க அழைத்துப் போனார்.

வெகுநாளாக விலைபோகாத வீடு. காலியாகக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை என்று, ஆள் குடியிருப்பதுபோல ஜோடித்து வைத்திருந்தார். உச்சிவெயிலில் வாசலில் ஈரம் காயாத கோலம். கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ. வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.

சுவரில் முருகர். பக்கத்திலேயே இயேசு. ஒரு முழம் பூவை இரண்டாகக் கிள்ளி இருவருக்கும் போட்டிருந்தது.

என் பெயர் செல்வராஜ். அதை வைத்து நான் கோயிலா, சர்ச்சா என்று தரகருக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது.

"இன்னா சார் பாக்குறீங்க? இங்க இருக்கறவங்க ரொம்ப பக்தி," என்றார்.

"ரெண்டு பேர் மேலயுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"புருஷன் ஒண்ணு, பொஞ்சாதி ஒண்ணும்மா."

அதற்குள் பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்தார். "நைனா, எங்க முருகர எட்துக்கினு போறேன். வெள்ளிக்கெழம, வெளக்கேத்தணும்," என்று படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

"அந்த இயேசு படம் யாரோடது?" என்றேன்.

"டெய்லர் ஊட்து சார். அவரு சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு. நீங்க நிதானமா பாருங்க," என்றார் தரகர், கூச்சமே இல்லாமல்.

சாமிகூட ஒரு ராத்திரி தங்காத வீட்டில் என்னைக் காலமெல்லாம் இருக்கச் சொல்கிறார். உங்களில் யாராவது போய்ப் பார்ப்பதானால், பெயரோடு மதத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாவம், இரவல் கேட்டு இரண்டு வீடு ஏறி இறங்குகிறார்.