கதவுக்கு முன்னால் நிற்கிற பாட்டு

கிளாராவின் தையல் கடை ஸ்ரீபெரும்புதூரில் மார்க்கெட் தெருவைப் பார்த்து இருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி தணிகாசலத்தின் வீடியோ கேம் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். உள்ளே உட்கார்ந்து வேலை செய்தால்தான் அது தெரியும். அவள் கணவன் செல்வநாதனுக்குத் தெரியாது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவைச் சுற்றி வந்து டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் அவன்.

கிளாராவுக்குக் காது கூர்மை. மாதா கோயில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருஷமாகப் பாடுகிறாள். யார் சுருதி இறங்கினாலும் திரும்பிப் பார்க்காமலே பெயரைச் சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்றொன்றில், மழைக்கு முன்னால், தணிகாசலம் மெட்ராஸிலிருந்து புது மெஷின் ஒன்றை இறக்கினார். வெயிலில் படம் தெரியவில்லை என்று வாசலுக்குக் கறுப்புப் படுதா தைக்க அவளிடம்தான் வந்தார்.

“இன்னாண்ணே அது, ஒரே பாட்டு ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் நடக்குது?”

“அது ஆடுறவன் கையில கீது கிளாராம்மா. கோட்டைக்குப் போற ஆட்டம். நடந்தா மத்தளம் மட்டும். கதவாண்ட போனா குழல் சேரும். உள்ள பூந்தா ராட்சசன் வருவான், பாட்டு தலைதெறிக்க ஓடும். பயந்து நின்னுட்டன்னு வச்சுக்க, பழையபடி மத்தளந்தான். நீ நகர்ற வரைக்கும் அதுவும் காத்துக்கினு இருக்கும்.”

அதற்குப் பிறகு சுவர் வழியாகவே ஆட்டக்காரர்கள் அவளுக்குப் பழக்கமானார்கள். மத்தளமே காதில் விழாமல் ஓடுகிறவன் ஒருவன். ராட்சசனிடம் உடனே மாட்டுகிறவன் இன்னொருவன். ஒரு வாரம் செவ்வாய்க்கிழமை புதிதாக ஒருவன் வந்தான். காலை ஒன்பதிலிருந்து ஆட்டம். ஒவ்வொரு தடவையும் கதவுவரை போவான், குழல் சேரும், நிற்பான். மறுபடி மத்தளம்.

வியாழக்கிழமை மத்தியானம் ரவிக்கை வாங்க காந்திமதி வந்தாள். கம்பெனியில் செல்வநாதன் வேலை செய்யும் அதே லைனில் இருக்கும் அப்பாவுவின் மனைவி.

“கேளு காந்தி, மூணு நாளா ஒருத்தன் கதவாண்டயே நிக்கிறான். இவனுக்குப் பொண்ணு குடுத்தவங்கள நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”

காந்திமதி சிரித்தாள். “அது கெடக்கட்டும்க்கா. அண்ணன் லெட்டர் குடுத்துட்டாரா?”

“இன்னா லெட்டர்?”

காந்திமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். திங்கட்கிழமை பிரஸ் மெஷினில் அச்சு நகர்ந்து, தகடெல்லாம் கோணலாக விழுந்திருக்கிறது. செல்வநாதன் பார்த்திருக்கிறான். லைனை நிறுத்தும் பொத்தான் கையெட்டும் தூரம். சூப்பர்வைசர் சொல்லாமல் நிறுத்தலாமா என்று யோசித்தபடியே நின்றிருக்கிறான். முந்நூறு தகடு வீண். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மூன்று நாளைக்குள் விளக்கக் கடிதத்தை நேரில் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

“இன்னிக்கி அஞ்சு மணியோட முடியுதாம். மூணு மணி பஸ்ஸ வுட்டா மறைமலை நகர் கம்பெனிக்குப் போய்ச் சேர முடியாது. மேனேஜர் ஒண்ணும் கெட்டவர் இல்லியாம்க்கா. நேர்ல போய் நின்னாப் போதும்னு இவரு சொல்றாரு.”

சுவருக்கு அப்பால் குழல் சேர்ந்தது. நின்றது. மத்தளம்.

மூன்று நாளும் செல்வநாதன் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினான். பெண் பார்க்க வந்த அன்றே வாசலில் செருப்பைக் கழற்றாமல் பத்து நிமிஷம் நின்றவன். அப்போது வீட்டில் எல்லோரும் அதை மரியாதை என்று சொன்னார்கள்.

இரண்டே முக்காலுக்குக் கடையைச் சாத்தினாள். தெருவைச் சுற்றிக்கொண்டு வீடியோ கேம் கடை வாசலுக்குப் போனாள். அவள் தைத்த படுதா. மடிப்பு ஓரிடத்தில் பிரிந்திருந்தது. உள்ளே மத்தளம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. போய்க் கையைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் காலேஜ் பையன்களுக்கு நடுவில் பெண்டாட்டி வந்து நின்றாள் என்றால் அந்த மனிதன் அதற்குப் பிறகு எந்த வாசலிலும் தலைநிமிர மாட்டான்.

படுதாவை விலக்கிக்கொண்டு ஒருத்தன் வெளியே வந்தான். “இன்னாக்கா, யாராச்சும் வேணுமா?”

“இல்லப்பா. தையல் பிரிஞ்சிருக்கு. அதப் பாக்க வந்தேன்.”

அவள் கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

ஐந்து நிமிஷம் இருக்கும். சுவருக்கு அப்பால் குழல் சேர்ந்தது. நிற்கவில்லை. பாட்டு தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. மூன்று நாளாக அவன் போகாத கதவுக்குள் போய்விட்டான். கிளாராவின் கால் பெடலை வேகமாக மிதித்தது, ஊசிக்குக் கீழே துணிகூட இல்லை. மாட்டிவிடுவான் என்று நினைத்தாள். மாட்டவில்லை. பாட்டு இன்னும் வேகமாகி, கடைசியில் அவள் கேட்டே இராத ஒரு மெட்டில் போய் முடிந்தது. பையன்கள் கை தட்டினார்கள்.

ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்து போன பிறகு செல்வநாதன் கடைக்கு வந்தான். முகம் தெளிந்திருந்தது.

“இன்னிக்கி நல்லாப் போச்சு கிளாரா,” என்று டிபன் பாக்ஸை நீட்டினான். பாக்கெட்டுக்குள் மடித்த காகிதம் ஒன்று வியர்வையில் நனைந்து, சட்டைத் துணிக்கு மேலேயே தெரிந்தது.

“சட்டையக் கழட்டுங்க. நாளைக்குத் தோய்ச்சுப் போடணும்.”

அவன் கை முதல் பொத்தானுக்குப் போய் அங்கேயே நின்றது. “வூட்ல போய்க் கழட்டுறேனே.”

“சரி,” என்றாள் அவள். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டிருந்தான்.