கடலை உரித்துக்கொண்டே படித்த இங்கிலீஷ்

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடமும் தேறி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டேன். அந்த ஒன்றை எழுதிப் பாஸ் பண்ணினால் டீச்சர் ட்ரெயினிங் போகலாம். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஆலங்குடியில் மாமியார் வீட்டுக் கடலையை உரிக்கலாம். கல்யாணம் பேசும்போதே என் அப்பா, "இன்னொரு தடவ எழுதட்டுமே" என்று கேட்டிருந்தார். "அதுக்கென்ன, தாராளமா எழுதட்டும்" என்றார் மாமியார். மூன்றாம் மாதமே நான் வாந்தி எடுத்ததும் பேச்சு மாறிவிட்டது.

"கைப்புள்ளய வச்சுக்கிட்டு பரீட்சையாம்ல பரீட்சை! சோலியப் பாருத்தா."

சோலியைப் பார்த்துக்கொண்டேதான் படித்தேன். விடுவேனா? கை கடலை உரிக்கும், வாய் முணுமுணுக்கும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறை அது: ஒரு சொல், அதன் பொருள், அதே பொருளில் இன்னொரு சொல், பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம். அபண்டன்ட், ஏராளம், பிளெண்டி. 'கிரவுண்ட்நட் இஸ் அபண்டன்ட் இன் அவர் ஹவுஸ்.' மலை மாதிரி குவிந்து கிடந்ததே, பின்னே? டெண்டர் என்றால் இளசு, சாஃப்ட். அதற்கு, பிறக்கப்போகிற குழந்தையின் பாதத்தை வைத்து ஒரு வாக்கியம் கட்டியிருந்தேன்.

பெண் பிறந்தாள். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயம் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். தெருவே கூடி அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது, அது மட்டும்தான் தெரிந்தது. "கல்லு மாரி ஒக்காந்திருக்கா பாரு" என்று என் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பால் வற்றிய பிறகு ஒரு நாள் காலையில் மாமியார் என் புருஷனிடம் சொன்னார்: "இப்பத்தான் கையில புள்ள இல்லியே. வேணும்னா போயி எழுதட்டும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். டெண்டருக்குக் குழந்தையை எடுத்துவிட்டு இளநீர்க் காயைப் போட்டுக்கொண்டேன். வருத்தத்துக்கு அந்தப் புத்தகத்தில் எத்தனை சொல் இருந்ததோ அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். ஒன்றுகூட என்னைத் தொடவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. மண்டையில் மட்டும் எல்லாம் மளமளவென்று ஏறியது.

புருஷன் என்னைப் புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் எழுத வைத்தார். பாஸாகிவிட்டேன். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை, வீட்டுக்கு வீடு சீனி கொடுத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா சீனியை வாயில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"மனசத் தேத்திக்கத்தா. அந்தப் புள்ள இருந்திருந்தா ஒனக்கு இது கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்காதுக்கா" என்றேன்.